அப்புச்சியின் கல்லைச் சமப்படுத்தினேன், கத்தி கோபித்துக்கொண்டது

அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், போன பிறகு குன்னூர் வீட்டைக் காலி செய்தோம். அட்டாலியில் பழைய கம்பளிக்குள் சுருட்டி வைத்திருந்தது அம்மாயியின் வீட்டுக்காரர், என் அப்புச்சியின் அடப்பம், அதாவது சவரச் சாமான் பை. வெலிங்டன் பட்டாளக் குடியிருப்புக்குப் பக்கத்தில் சலூன் வைத்திருந்தவர் அவர். தோல் பை இற்றுப்போய்விட்டது. உள்ளே இரண்டு சவரக் கத்திகள், காய்ந்து பலகையாகிப் போன ஒரு தோல் வார், தேய்ந்த படிகாரக் கட்டி, ஒரு கிண்ணம், அப்புறம் கறுப்பாக எண்ணெய் ஏறிய ஒரு கல். மாமா கத்திகளை எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். "நீயே வெச்சுக்க கண்ணு, எனக்குக் கை நடுங்குது" என்றார். அவரும் முப்பது வருடம் அதே தொழில் பார்த்தவர்தான்.

நான் மரவேலை செய்பவன். பொழுதுபோக்குக்கு என்று ஆரம்பித்து, இப்போது வாரத்துக்கு ஒரு ஸ்டூலாவது யாருக்காவது செய்து கொடுக்கிற அளவுக்கு வந்திருக்கிறது. உளி தீட்டுவது தினப்படி வேலை. அந்தத் தெனாவெட்டில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் கல்லைச் சுத்தம் செய்து, கத்தியைத் தீட்டி, சவரமும் செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மூன்று வாரம் ஆனது.

கல் 125 மி.மீ. நீளம், 40 அகலம், 22 உயரம். பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு அடுக்கு தெரிந்தது. மேலே 8 மி.மீ. வெளிறிய நிறம், கீழே கறுப்பு. மேல்பக்கம் நடுவில் பள்ளம். இரும்பு ஸ்கேலை நீளவாக்கில் நிறுத்தி வைத்து, தெருமுனை மெக்கானிக்கிடம் இரவல் வாங்கிய ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அடியில் நுழைத்துப் பார்த்தேன்: ஆழமான இடத்தில் 1.2 மி.மீ. ஒரு மூலையை சோப்புப் போட்டுத் தேய்த்ததும் பழைய வெண்ணெய் போல ஒரு மஞ்சள் வந்தது. அப்போதுதான் என்ன கல் என்று பிடிபட்டது.

இது பெல்ஜியத்துக் கல். கோட்டிகூல் என்பார்கள். அந்நாட்டின் தென்கிழக்கில் ஆர்டென் மலைப்பகுதி, வியெல்சால்ம் ஊரைச் சுற்றியுள்ள சில மைல்களுக்குள்தான் சவரக் கத்திக்கு ஆகிற இந்த மஞ்சள் படிவம் வெட்டியெடுக்கப்பட்டது. சுமார் 48 கோடி வருடத்துக்கு முன் கடலடியில் படிந்த நுண்ணிய களிமண் பிற்பாடு மலை எழும்பிய அழுத்தத்தில் இறுகி, அதற்குள் கார்னெட் மணிகள் விளைந்தன. நகைக்கடையில் பார்க்கிற அந்தக் கார்னெட்டின் இனம்தான். ஆனால் இங்கே ஒவ்வொரு மணியும் 5 முதல் 15 மைக்ரான், தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு. மணிகளைச் சுற்றி மென்மையான மைக்கா. சுரங்கத்துக்குள் மஞ்சள் அடுக்கு பெரும்பாலும் இரண்டு மூன்று விரல் தடிமன்கூட இருக்காது. நல்ல கல்லை மெல்லிய ஓடாக அறுத்து, உடையாமல் இருக்க ஸ்லேட் பலகையில் ஒட்டி விற்றார்கள். அங்கேயே சால்ம்ஷாட்டோ என்ற ஊரில் அந்தக் காலத்துப் பட்டறை ஒன்றை இந்தக் கல்லுக்கான அருங்காட்சியகமாகவே மாற்றி வைத்திருக்கிறார்கள்.

குன்னூருக்கு எப்படி வந்தது என்பதற்கு அம்மாயி சொன்ன கதை ஒன்று உண்டு. பட்டாளத்துத் துரை ஒருவன் கப்பலேறுவதற்கு முன் கொடுத்துவிட்டுப் போனானாம். அம்மாயியின் கதைகளில் நல்ல பொருள் எல்லாமே துரை கொடுத்ததுதான். வீட்டுக் கடிகாரம்கூட அப்படித்தான் வந்தது என்பார், அதன் பின்னால் மெட்ராஸ் கடைச் சீட்டு ஒட்டியிருந்தும்.

முதல் தப்பு எண்ணெய் எடுப்பதில். "அய்யன் அதுல எண்ணெ போடுவாரு, சில நாள் சோப்பு நுரையே போட்டுத் தேய்ப்பாரு" என்று மாமா சொல்லியிருந்தார். இந்தக் கல்லுக்கு எண்ணெய் தேவையே இல்லை, தண்ணீர் போதும். பல வருட எண்ணெய் மேல்பக்கத்தில் அரக்குப் போல இறுகி, கத்தி வழுக்கியது. பாத்திரம் கழுவும் சோப்பும் பிரஷ்ஷும் பாதி எடுத்தன. மீதிக்கு ஒரு பழைய எவர்சில்வர் சட்டியில் தண்ணீர், இரண்டு ஸ்பூன் சலவைச் சோடா, உள்ளே கல், சிம்மில் அடுப்பு. உளிக்கு வைத்திருக்கும் பழைய எண்ணெய்க்கல்லை நான் அப்படித்தான் சுத்தம் செய்வேன், ஒன்றும் ஆகாது. இருபது நிமிடத்தில் தண்ணீர் டீ நிறமானது. எட்டிப் பார்த்தபோது சட்டிக்குள் ஒரு கல்லுக்குப் பதில் இரண்டு கிடந்தன.

ஒட்டியிருந்த பழைய பிசின் சூட்டில் இளகிவிட்டது. மஞ்சள் ஓடு தனி, ஸ்லேட் தனி. ஓடு உடையவில்லை, அது என் புண்ணியம் இல்லை. அடுப்பை அணைத்து, தண்ணீரோடேயே ஆறவிட்டேன். சூட்டோடு எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டிருந்தால் விரிசல் கண்டிருக்கும். மாமாவுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அதென்றா, கல்லைப் போய் வேக வெச்சயா? உப்புப் போட்டியா?" என்றார்.

பிரிந்ததில் ஒரு லாபமும் இருந்தது. இந்தக் கல்லில் இரண்டு வகை உண்டு. சிலவற்றில் மஞ்சளும் அடியிலிருக்கும் நீலக் கல்லும் பூமிக்குள்ளேயே ஒன்றாக வளர்ந்திருக்கும். அந்த நீலமும் தீட்டுக்கல்தான், அதிலும் கார்னெட் உண்டு, தேய்த்தால் வரும் சேறு ஊதா கலந்த சிவப்பாக இருக்கும். இரண்டும் சேரும் கோடு அலை அலையாக இருக்கும். என்னுடையதில் கோடு ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேர். அடிக்கல்லைத் தேய்த்தால் வெறும் சாம்பல் சேறு. ஆக, அடியில் இருப்பது சுமைதாங்கிப் பலகை மட்டும்தான், தீட்ட ஆகாது என்று தெளிவானது.

இரண்டு முகத்திலும் பழைய பிசினைப் பிளேடால் சுரண்டி, அசிட்டோன் போட்டுத் துடைத்து, அரால்டைட் தடவி ஒட்டினேன். மேலே பழைய துணி, அதன் மேல் ஆட்டுக்கல் குழவி. ஒரு முழு நாள் அப்படியே. ஓரத்தில் பிதுங்கிய பசையை அரைகுறையாக இறுகும்போதே சீவிவிடுவது நல்லது. முழுக்க இறுகிய பிறகு எடுக்கப் பார்த்தால் ஓட்டின் விளிம்பும் சேர்ந்து பெயரும். ஒரு மூலையில் அரிசி அளவு பெயர்ந்தது. அதைக் குப்பையில் போடாமல் எடுத்து வைத்தேன், பின்னால் உதவியது.

அடுத்த ஞாயிறு கல்லைச் சமப்படுத்தினேன். கண்ணாடிக் கடையில் மிச்சம் விழுந்த 6 மி.மீ. துண்டு ஒன்று, முப்பது ரூபாய். அதன் மேல் தண்ணீர் தெளித்து 120 நம்பர் வாட்டர் பேப்பரை, ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளை, ஒட்டினேன். நம்பர் கூடக் கூடத் தாளின் மணி நுண்மை. கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு. பிறகு எட்டுப் போடுவது போலத் தேய்க்க வேண்டியதுதான். இருபது முறைக்கு ஒருதரம் கல்லைத் திருப்பிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கை பலமாக இருக்கும் பக்கம் சரிந்துவிடும். ஓரத்தில் கோடு சீக்கிரம் அழியும், நடுவில் நிற்கும். நடுக்கோடும் அழிந்தால் சமம்.

1.2 மி.மீ. என்றால் சொல்லும்போது ஒன்றுமில்லை. ஐந்து தாள், ஒன்றே முக்கால் மணி நேரம். தண்ணீர் விட்டுக்கொண்டேதான் செய்ய வேண்டும். காய்ந்த கல்தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. தாளில் சேர்ந்த சேறு சுத்தமான பால் நிறம். பிறகு 220, 400, 600, 1000 என்று ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம். விளிம்பைச் சுற்றிலும் லேசாக மழுக்கிவிட்டேன், கல்லின் கூரான விளிம்பில் சவரக் கத்தி இடறினால் கத்தியின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், பல் விழும். கடைசியில் கல் ஈரமாகப் பளபளத்தது. அந்த மஞ்சளில் மயிரிழை போல ஊதாக் கோடு ஒன்று குறுக்காக ஓடுவது அப்போதுதான் கண்ணில் பட்டது. அப்புச்சி அதைப் பார்த்திருக்கவே மாட்டார்.

வாட்டர் பேப்பரில் இருக்கும் கறுப்பு மணி சிலிக்கன் கார்பைடு. அமெரிக்காவில் எட்வர்ட் ஆச்சஸன் 1893-இல் காப்புரிமை வாங்கிய செயற்கைச் சரக்கு. அதற்கு முன்னால் தேய்ப்பதற்கும் மெருகிடுவதற்கும் உலகம் பெரும்பாலும் குருந்தம் என்ற கடினமான கனிமத்தையும், அது கலந்த எமரி என்ற கறுப்புக் கல்லையும் நம்பியிருந்தது. குருந்தம் என்ற நம் சொல்லைத்தான் வெள்ளைக்காரன் கொரண்டம் என்று வாயில் போட்டுக்கொண்டான். எனக்கு இதில் கொஞ்சம் ஊர்ப் பெருமை உண்டு. நான் இருப்பது காங்கேயம். மொட்டை மாடியில் நின்றால் சிவன்மலை தெரியும். அந்த மலையடிவாரப் பாறையில் குருந்தம் இருப்பதைப் பற்றி ஹாலந்து என்ற புவியியலாளர் 1901-இல் தனி அறிக்கையே எழுதியிருக்கிறார். குருந்தப் பொடியை அரக்கில் குழைத்துச் சக்கரமாக வார்த்து மணிக்கல் பட்டை தீட்டியவர்கள் இந்த நாட்டுக்காரர்கள். பட்டறையில் ஒருதரம் அந்தப் பொடியை வைத்து உளி தீட்டிப் பார்த்தேன். வெட்டு வேகம், ஆனால் கன்னத்துக்கு ஆகாது. மணி பெரிது, பல் கூர்.

கத்திக்கு வருகிறேன். இரண்டில் ஒன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்தது, தண்டில் முத்திரை பாதி தேய்ந்தது, கைப்பிடி உடைந்தது. மற்றொன்றில் சோலிங்கன் என்று, கத்திக்குப் பேர்போன ஜெர்மன் ஊரின் பெயர், தெளிவாக இருக்கிறது, கைப்பிடியும் சரி. அதைத்தான் எடுத்தேன். துருவை மண்ணெண்ணெயும் 2000 நம்பர் தாளும் போட்டு எடுத்தேன். வாய்க்குப் பக்கத்தில் குழி இல்லை, பெரிய அதிர்ஷ்டம். குழி இருந்து அது வாய் வரை வந்தால், எந்தக் கல்லும் ஒன்றும் செய்ய முடியாது.

சவரக் கத்திக்கும் உளிக்கும் இருக்கும் வித்தியாசம் முதுகில். உளியில் கோணத்தைக் கை பிடிக்க வேண்டும். சவரக் கத்தியில் முதுகும் வாயும் இரண்டும் கல்லில் படும்படி தட்டையாகப் படுக்க வைத்துவிட்டால் கோணம் தானாக அமையும். என் கத்தியின் முதுகு 5 மி.மீ. தடிமன், முதுகிலிருந்து வாய்வரை 18 மி.மீ. அதிலிருந்து கணக்குப் போட்டால் வாயின் மொத்தக் கோணம் கிட்டத்தட்ட 16 டிகிரி. கை நடுக்கமோ அனுபவக் குறைவோ இந்தக் கோணத்தைக் கெடுக்காது. இதனால்தான் முதல் தடவையிலேயே வந்துவிடும் என்று நம்பினேன்.

இந்தக் கல் வேலை செய்வது பாலில். பெயர்ந்து வந்த அந்த மஞ்சள் சில்லை ஈரக் கல்லின் மேல் வைத்துத் தேய்த்தால் கார்னெட் மணிகள் மைக்காவை விட்டுக் கழன்று தண்ணீரில் மிதக்கும். பால் கட்டுவது என்று மாமா சொல்வார். ஆடை நீக்கிய பால் பதத்துக்குக் கட்டினேன். கத்தியைப் படுக்க வைத்து முன்னும் பின்னுமாக நாற்பது, திருப்பி மறுபக்கம் நாற்பது. கல் குறுகல் என்பதால் அடியிலிருந்து நுனிக்குச் சாய்வாக இழுக்க வேண்டும். பால் சாம்பலாக மாறியது. இரும்பு தேய்கிறது என்று அர்த்தம். மனசு குளிர்ந்தது. மூன்று சுற்று இப்படி. முன்கை மயிரில் வைத்து இழுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. மயிர் படுத்து எழுந்தது.

அன்றைக்கும் மறுநாளும் கல்லைத்தான் குறை சொன்னேன். பால் போதவில்லையோ என்று தயிர் பதத்துக்குக் கட்டினேன். அது இன்னும் மோசம். கெட்டியான பாலில் வாய் முன்னேறிப் போகும்போது மிதக்கும் மணிகளே அதன் கூரில் வந்து மோதும். ஒரு பக்கம் தீட்டிக்கொண்டே மறுபக்கம் மொன்னையாக்குகிற வேலை. பிறகு பால் இல்லாமல் வெறும் தண்ணீரில் இருநூறு முறை. வாய் மின்னியது, வெட்டவில்லை. கல்லின் உள்ளேயும் மேலேயும் ஒரே தரம் இருக்காது, 1.2 மி.மீ. தேய்த்ததில் நல்ல பாகம் போய்விட்டதோ என்றுகூட ஒரு ராத்திரி யோசித்தேன். நள்ளிரவில் வரும் யோசனைகளுக்கு என்ன மதிப்போ அதே மதிப்புதான் அதற்கும்.

செய்திருக்க வேண்டிய சோதனையை நாலாம் நாள்தான் செய்தேன். உளிக்கு எப்போதும் செய்கிற சோதனை. வாயின் சரிவு முழுக்கக் கறுப்பு மார்க்கர் பூசி, கல்லில் மெதுவாகப் பத்து இழுப்பு, பிறகு நகைக்காரர் லென்ஸில் பார்ப்பது. சரிவின் மேல் ஓரத்தில், முதுகுப் பக்கம், மார்க்கர் சுத்தமாக அழிந்திருந்தது. வாயின் விளிம்பில் மயிரிழை அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு நீளமாக அப்படியே இருந்தது. அறுநூறு தடவைக்கு மேல் தேய்த்தும் கல் வாயைத் தொடவே இல்லை. மின்னியது எல்லாம் தோள், அதாவது சரிவின் மேல் ஓரம்.

காரணம் உடனே விளங்கவில்லை. கோணம்தான் கத்தியிலேயே இருக்கிறதே? காகிதத்தில் படம் போட்டுப் பார்த்தேன். கத்தி படுத்திருக்கும்போது கல்லைத் தொடுவது முதுகும் வாயும், இரண்டே இடம். கல் சமமாக இருந்தால் கத்தி பலகையில் படுத்தது போல. கல் நடுவில் குழிந்திருந்தால் கிண்ணத்தின் அடியில் படுத்தது போல. வாய் இருக்கும் பக்கம் கிண்ணத்தின் சுவர் கொஞ்சம் மேலேறும். ஆகவே வாயில் விழும் கோணம் சற்றுக் கூடும். என் கல்லின் நீளத்துக்கு 1.2 மி.மீ. பள்ளம் என்றால், ஒரு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 0.3 டிகிரி.

0.3 டிகிரி யாருக்குப் பெரிது? சரிவின் அகலம் 0.8 மி.மீ. அந்த அகலத்துக்கு 0.3 டிகிரி என்றால் சரிவின் தோள் சமக்கல்லைத் தொடும்போது, வாய் கல்லிலிருந்து நாலு மைக்ரானுக்குக் கொஞ்சம் மேலே தூக்கி நிற்கும். நாலு மைக்ரான், கல்லில் இருக்கும் ஒரு சின்னக் கார்னெட் மணியின் அளவுதான். அந்த இடைவெளிக்குள் எந்த மணியும் உருப்படியாக உள்ளே போய்த் தேய்க்காது. பால் கெட்டியாகக் கட்டினாலும் மோதி மழுக்கத்தான் செய்யும்.

அப்புச்சி பள்ளத்தில் தீட்டியே கத்தியின் வாயைப் பள்ளத்துக்குத் தக்கபடி வளர்த்திருக்கிறார். இருபதோ முப்பதோ வருடம் இரண்டும் சேர்ந்தே தேய்ந்திருக்கின்றன. நான் ஒரு மத்தியானத்தில் கல்லை மட்டும் நேராக்கிவிட்டுக் கத்தியை அப்படியே விட்டுவிட்டேன். மாமாவிடம் சொன்னபோது ஆச்சரியப்படவே இல்லை. "அந்தக் கல்லுக்கு அந்தக் கத்தி கண்ணு. வேற யாரு கத்தியும் அய்யன் அதுல வெக்க விடமாட்டாரு. எனக்கே தனிக் கல்லு." இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கேட்டால்தான் சொல்வார்கள் நம் ஆட்கள்.

வைத்தியம் எளிது, ரசனைக் குறைவானது. கோட்டிகூல் மெதுவாக வெட்டுகிற கல். தோளைக் கரைத்து வாய் வரை வர அதை நம்பினால் ஒரு மாதம் ஆகும். உளிக்கு வைத்திருக்கும் 1000 நம்பர் செயற்கைக் கல்லை எடுத்து, அதையும் முதலில் கண்ணாடியில் சமப்படுத்திக்கொண்டு, கத்தியை அதில் வைத்தேன். முதுகில் எலக்ட்ரிகல் டேப் ஒட்டவில்லை. ஒட்டினால் கோணம் கூடிக் காரியம் சீக்கிரம் முடியும். ஆனால் அடுத்த தடவை டேப் இல்லாமல் தீட்டும்போது மறுபடி இதே கதை. எடை போடாமல், கத்தியின் பாரம் மட்டும் போகும்படி, பக்கத்துக்கு இருபதாக நாலு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் மார்க்கர். மூன்றாவது சுற்றில் கறுப்புக் கோடு அங்கங்கே விட்டு விட்டுத் தெரிந்தது. நாலாவதில் நுனியிலிருந்து முக்கால் பாகம் சுத்தம். அடிப்பக்கம், தண்டை ஒட்டி ஒரு விரல் அகலம் மட்டும் மிஞ்சியது. அந்த இடத்தில் முதுகே கொஞ்சம் வளைந்திருக்கிறது. விட்டுவிட்டேன்.

1000-இல் முடித்ததும் முன்கை மயிர் விழுந்தது. சவரத்துக்கு இது போதாது. பற்கள் போலக் கீறல் வாயில் இருக்கும், தோலை உரிக்கும்.

பிறகு கோட்டிகூல். இந்தத் தடவை மெல்லிய பால். பக்கத்துக்கு முன்னும் பின்னுமாக முப்பது, இரண்டு சுற்று. அதன் பின்னர்தான் இந்தக் கல்லின் வித்தை. பாலைத் துடைக்காமல், விரல் நுனியால் இரண்டு சொட்டுத் தண்ணீர். பதினைந்து இழுப்பு. மறுபடி இரண்டு சொட்டு, மறுபடி பதினைந்து. பால் நீர்மோராகி, நீர்மோர் அரிசி கழுவிய தண்ணீராகி, கடைசியில் கல் தெரிகிற வெறும் தண்ணீராகிறது. மிதக்கும் மணிகள் குறையக் குறைய மோதல் குறையும், கீறல் ஆழம் குறையும். கல்லோடு ஒட்டியிருக்கும் மணியின் முதுகு மட்டும் எஃகை உரசும். கார்னெட் மணி பன்னிரண்டு முகம் கொண்ட உருண்டை மாதிரி, குவார்ட்ஸ் சில்லு போல ஊசி முனை கிடையாது. அது விடும் கீறல் அகலமாக, ஆழமில்லாமல் இருக்கும். பத்துத் தடவை தண்ணீர் சேர்த்தேன். அப்புறம் கல்லைக் குழாயடியில் கழுவி, மெல்லிய தாரையாகத் தண்ணீர் விழ விட்டு, எடையே இல்லாமல் ஐம்பது. முப்பதைத் தாண்டியதும் கத்தி கல்லை விட்டு வர மனமில்லாதது போல ஒட்டிப் பிடித்தது. அதுவரை நான் அந்தப் பிடிப்பை உணர்ந்ததில்லை. இரண்டு முகமும் நிஜமாகவே சமம் என்றால்தான் அப்படி உறிஞ்சும்.

இந்தக் கல் எத்தனை நம்பர் என்று பட்டறை நண்பர்கள் கேட்கிறார்கள். செயற்கைக் கல்லில் 1000, 4000, 8000 என்று எழுதியிருக்கும், மணியைச் சலித்து ஒரே அளவாகப் போட்டிருப்பார்கள். இதில் தண்ணீர்தான் நம்பர். ஒரே கல் காலை எட்டு மணிக்கு ஒரு நம்பர், எட்டரைக்கு வேறு. எல்லா இயற்கைக் கல்லும் இப்படி இல்லை. தச்சு வேலை செய்யும் நண்பரிடம் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துக் கல் ஒன்று இருக்கிறது. முழுக்க நுண்ணிய குவார்ட்ஸ், இறுகிய கல், மணியை விடவே விடாது, எண்ணெய் போட்டு வருடக்கணக்கில் தேய்த்தாலும் பால் வராது. மேற்பரப்பை எவ்வளவு வழவழப்பாக்கி வைக்கிறோமோ அதுதான் அதன் நம்பர். ஜப்பானில் கியோட்டோவைச் சுற்றி வெட்டியெடுத்த கல் இன்னொரு மாதிரி. அதிலும் பால் கட்டுவார்கள், ஆனால் தீட்டத் தீட்டப் பாலே நைந்து நுண்மையாகிறது. கார்னெட் அப்படி நையாது, நாம்தான் தண்ணீர் ஊற்றி விலக்க வேண்டும். சோம்பேறிக்கு கியோட்டோக் கல், பொறுமைசாலிக்கு ஆர்டென் கல் என்று சொல்லத் தோன்றுகிறது. விலையைப் பார்த்தால் சோம்பேறி பணக்காரனாகவும் இருக்க வேண்டும்.

தோல் வாருக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு, காய்ந்ததும் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய், உள்ளங்கையால் அரை மணி நேரம் தேய்ப்பு. பலகைத்தனம் போய் வளைந்தது. ஜன்னல் கம்பியில் மாட்டி, அதன் பின்பக்கக் கித்தானில் முப்பது, தோலில் அறுபது, முதுகு முன்னால் போகும்படி. திருப்பும்போது முதுகின் மேல்தான் உருட்ட வேண்டும், வாயின் மேல் உருட்டினால் வாரும் போச்சு, மூன்று வார உழைப்பும் போச்சு. இதை மாமா போனில் மூன்று தடவை சொன்னார். வீடியோ கால் போட்டு நான் வார் இழுப்பதைப் பார்த்துவிட்டு, "மெதுவ்வா, மெதுவ்வா, மாடு ஓட்டற மாதிரி இழுக்காத" என்றார்.

வீட்டுக்காரியின் தலைமுடி ஒன்றை இரண்டு விரலில் தொங்கவிட்டு வாயில் வைத்தேன். நுனிப்பக்கம் சத்தமில்லாமல் அறுந்தது. நடுவில் ஒரு சிறு நறுக்கென்ற சத்தத்தோடு. அடிப்பக்கம் வளைந்து வழுக்கியது. மார்க்கர் சொன்னதையே முடியும் சொல்லிற்று.

சவரம் அன்று இரவே. வலது கன்னம் சுகமாக வந்தது. தோல் இழுக்கிற உணர்வே இல்லை, சோப்பை வழிப்பது போல. இடது கன்னத்துக்கு இடது கையைப் பழக்காததால் குறுக்கே பிடித்து, தாடை எலும்பில் ஒரு சிறு கீறல். அப்புச்சியின் படிகாரத்தை நனைத்து வைத்ததும் நின்றது. அது இன்னும் வேலை செய்கிறது என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். மோவாய்க்குக் கீழே துணியவில்லை, வழக்கமான ரேசரில் முடித்தேன்.

மறுவாரம் மாமா வந்தார். கத்தியை வாங்கி, வாயைக் கட்டைவிரல் நகத்தில் மெல்ல நிறுத்தி இழுத்துப் பார்த்தார். நுனி, நடு, அடி. அடிக்கு வந்ததும் நின்றார். "இங்க பதம் இல்ல" என்றார். தெரியும் என்றேன். கல்லைக் கையில் எடுத்து, பள்ளம் இருந்த இடத்தில் பெருவிரலை வைத்துத் தடவினார், இரண்டு மூன்று தடவை. பிறகு தம்ளரில் இருந்த தண்ணீரைத் தொட்டு அதன் மேல் தெளித்து, பக்கத்தில் வைத்தார். "நல்லா நேராத்தான் பண்ணியிருக்க."

ஷெஃபீல்டு கத்தி பாக்கி இருக்கிறது. கைப்பிடிக்குக் கொய்யா மரத்தில் ஒன்று செதுக்கி வருகிறேன். வாயை இன்னும் கல்லில் வைக்கவில்லை. மார்க்கர் பூசி, பத்து இழுப்பு மட்டும் இழுத்துப் பார்த்தேன். தோள் வெள்ளை, விளிம்பில் அதே மயிரிழைக் கறுப்புக் கோடு.